ஒரே பந்தியில் அமர்வது எப்படி?



சில வாரங்களுக்கு முன்னர், ஞாயிறு பூசை முடிந்து சனங்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், வயது சென்ற ஒரு தாயார் எம்மிடம் வந்து தமது கைத்தொலைபேசியை நீட்டினார். அதிலே ஒரு சிறுமி பேசிக்கொண்டிருந்தாள். ஐந்தாறு வயதிருக்கும். கனடாவிலே மொன்றியல் நகரில் பிறந்து வளரும் பேத்தி அவள். தனது புதுச் சப்பாத்தைத் தூக்கிக் காட்டி ஏதோ மகிழ்ச்சியோடு சொன்னாள். சொன்னது முழுவதும் பிரெஞ்சு மொழியில். இடையிலே வந்த "அம்மம்மா" என்ற ஒரு சொல் மட்டுமே தமிழ். தாயார் அதைப் பார்த்துச் சிரித்தார், சிரித்தபடியே கண்கலங்கினார். "சுவாமி, இது எங்கட பிள்ளையோ, அந்த நாட்டுப் பிள்ளையோ?" என்று கேட்டார்.

"இரண்டும்தான் அம்மா" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தோம். ஆனால் அந்த விடை எமக்கே போதாமலிருந்தது. இரண்டும் என்று சொல்வது எளிது. இரண்டு பண்பாடுகள் ஒரு பிள்ளையின் நெஞ்சிலும், ஒரு தெருவிலும், ஒரு நாட்டிலும் சேர்ந்து வாழ்வது எங்ஙனம்? யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது? எவ்வளவு? யார் முதலில்? இவை அரசியல்வாதிகளுக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. நீதியையும் அயலார் அன்பையும் பற்றிய கேள்விகள். ஆகவே நமது மனச்சாட்சிக்குரிய கேள்விகள்.

அந்தச் சிறுமி வாழும் கியூபெக் மாகாணம் இக்கேள்விகளோடு அரை நூற்றாண்டுக்கு மேலாகப் போராடி வருகின்றது. அங்கே உருவான ஒரு சிந்தனையை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம். அதைப் "பண்பாட்டு ஊடாட்டக் கொள்கை" என்று தமிழில் அழைப்போம்.

மூன்று வழிகள்

பல இனத்தவரும் பல மொழியினரும் வந்து சேர்ந்த ஒரு நாட்டைப் பெரியதொரு வீட்டுக்கு ஒப்பிடலாம். விருந்தினர் பலர் வந்திருக்கிறார்கள். அவர்கள் திரும்பிப் போகப்போவதில்லை. வீட்டார் என்ன செய்வார்கள்?

ஒரு வழி: "எங்கள் மொழியைப் பேசி, எங்கள் வழக்கத்தைக் கைக்கொண்டு, எங்களைப்போல் ஆகிவிடுங்கள். பிறகு பிரச்சினை இல்லை" என்பது. இதனை ஒருமயமாக்கல் என்பர். பிரான்சு தேசம் நெடுங்காலமாக இவ்வழியையே பெரிதும் சார்ந்து நின்றது. இங்கே விருந்தினருக்கு உணவு உண்டு. ஆனால் அவருடைய பெயரை வாசலில் கழற்றி வைத்துவிட்டே உள்ளே வரவேண்டும்.

இரண்டாவது வழி: "ஆளுக்கோர் அறை தருகிறோம். அவரவர் அறையில் அவரவர் விருப்பப்படி சமைத்து உண்ணுங்கள், ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாதீர்கள்" என்பது. 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் திகதி கனடாவின் பிரதமர் பியர் ரூடோ பல்பண்பாட்டுக் கொள்கையைப் பாராளுமன்றத்தில் அறிவித்தார். 1988இல் அது சட்டமாயிற்று. எந்தப் பண்பாட்டையும் இழிவாக எண்ணாத அக்கொள்கை மனித குலத்துக்குப் பெரியதொரு நன்மை செய்தது என்பதை மறுக்கலாகாது. பண்பாடுகள் ஒன்றோடொன்று உறவாடுவதையும் அது விரும்பவே செய்தது. ஆயினும் நடைமுறையில் அறைகள் பெருகின, கதவுகள் திறக்கவில்லை என்பதே அதன்மேல் சாட்டப்பட்ட குற்றம். அடுத்த அறையில் இருப்பவரை நாம் வெறுக்கவில்லை. ஆனால் அவர் பெயரும் நமக்குத் தெரியாது.

மூன்றாவது வழியே நாம் இங்கு பேசும் ஊடாட்டம். "அறைகள் இருக்கட்டும். ஆனால் வீட்டின் நடுவே எல்லோருக்கும் பொதுவான ஒரு கூடம் வேண்டும். அங்கே பேசப் பொதுமொழி ஒன்று வேண்டும். எல்லோரும் ஒரே பந்தியில் அமரவேண்டும். சமையலிலும் எல்லோருக்கும் பங்கு வேண்டும்" என்கிறது அது. ஒரே பந்தியில் அமரும்போது வந்தவர் மட்டுமன்றி வீட்டாரும் சிறிது மாறுவார்கள். அந்த மாற்றத்துக்கு இரு பகுதியாரும் முன்கூட்டியே சம்மதிக்கவேண்டும். இதுதான் அக்கொள்கையின் உயிர்நாடி.

அஞ்சும் பெரும்பான்மை

இச்சிந்தனை கியூபெக்கிலே தோன்றியதற்குத் தக்க காரணம் உண்டு. 1759இல் கியூபெக் நகரை ஆங்கிலேயர் வென்றனர். 1763இல் பாரிஸ் உடன்படிக்கையின்படி அந்நாடு முழுவதும் அவர்கள் வசமாயிற்று. அங்கே குடியேறியிருந்த பிரெஞ்சு மொழிக் கத்தோலிக்கர் ஆங்கில மொழிப் புரட்டஸ்தாந்து அரசின் கீழ்ச் சிறுபான்மையாயினர். 1839இல் டர்ஹம் பிரபு சமர்ப்பித்த அறிக்கை, அவர்களை வரலாறும் இலக்கியமும் அற்ற மக்கள் எனக் கூறி, ஆங்கிலேயருக்குள் கரைத்துவிடுவதே அவர்களுக்கு நன்மை என்று ஆலோசனை சொன்னது. தன் மொழியைப் பற்றி அரச அறிக்கை ஒன்றில் இப்படி வாசிக்க நேர்ந்த ஒரு சனம் அதை எளிதில் மறக்குமா?

அவர்கள் கரையவில்லை. பங்குக் கோவிலும், குருமாரும், கன்னியர் மடங்களும், பெரிய குடும்பங்களும் அவர்களின் மொழியைக் காத்தன. 1960க்குப் பின் வந்த "அமைதிப் புரட்சி" என்னும் மாற்றத்தில் கல்வியும் வைத்தியசாலைகளும் திருச்சபையின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறின. கோவில்கள் வெறுமையாகத் தொடங்கின. விசுவாசம் தளர்ந்தபோது மொழியே அந்தச் சனத்தின் கடைசி அரணாயிற்று.

அவ்வேளையில் வந்தேறிய குடும்பங்கள் பெரும்பாலும் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைகளுக்கே அனுப்பின. தொழிலுக்கு ஆங்கிலம் உதவும் என்பது பெற்றோரின் கணக்கு. 1968, 1969ஆம் ஆண்டுகளில் மொன்றியலை அடுத்த சென் லெயோனார் என்ற இடத்தில் இத்தாலியக் குடும்பங்களுக்கும் பிரெஞ்சு மொழியினருக்கும் இடையில் பாடசாலை மொழி பற்றிப் பெருங்கலகம் மூண்டது. இரு பகுதியாரும் கத்தோலிக்கர் என்பதை நாம் கவனிக்கவேண்டும். ஒரே நற்கருணை உண்டவர்கள் மொழிக்காகத் தெருவிலே மோதினார்கள். விசுவாச ஒற்றுமை இருந்தால் பண்பாட்டுப் பிணக்கு தானாகத் தீர்ந்துவிடும் என்று எண்ணுபவர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

1977 ஓகஸ்டில் 101ஆம் இலக்கச் சட்டம் வந்தது. குடிவந்தோரின் பிள்ளைகள் பிரெஞ்சு மொழியிலேயே கல்வி கற்கவேண்டும் என்று அது விதித்தது. நமது தாயாரின் பேத்தி பிரெஞ்சு பேசுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

கனடா முழுவதிலும் நோக்கினால் பிரெஞ்சு மொழியினர் சிறுபான்மை. கியூபெக்கினுள் நோக்கினால் அவர்களே பெரும்பான்மை. தனக்கு வெளியே ஆங்கிலப் பெருங்கடலைக் கண்டு அஞ்சும் அந்தப் பெரும்பான்மைக்கு, "நீங்களும் பல பண்பாடுகளில் ஒன்று" என்ற ரூடோவின் வார்த்தை இனிக்கவில்லை. அக்கொள்கையை ஏற்க முடியாதென 1971இலேயே கியூபெக் முதல்வர் ரொபேர் பூராசா தெரிவித்தார். மாறாக, 1990இல் கியூபெக் அரசு குடிவரவு பற்றிய தனது கொள்கை அறிக்கையில் ஓர் "அறநெறி ஒப்பந்தத்தை" முன்வைத்தது. பொது வாழ்வின் மொழி பிரெஞ்சு. எல்லோரும் சமூக வாழ்வில் பங்குபற்றவேண்டும். சனநாயக எல்லைகளுக்குள் எல்லாப் பண்பாடுகளுக்கும் திறந்த மனம் காட்டப்படும். ஒப்பந்தம் என்ற சொல்லைப் பாருங்கள். ஒருவர் மட்டும் கையொப்பமிடுவது ஒப்பந்தமாகாது.

வதந்தியும் உண்மையும்

கொள்கை நல்லதுதான். ஆனால் மனிதர் காகிதத்தில் வாழ்வதில்லை.

2001இல் மொன்றியலில் ஒரு சீக்கிய மாணவனிடமிருந்து அவனது மதச் சின்னமான கிர்பான் என்னும் சிறு கத்தி பாடசாலை முற்றத்தில் விழுந்துவிட்டது. முதலில் அதிகாரிகளும் பெற்றோரும் இருந்து பேசி, கத்தியை ஆடைக்குள் வைத்துத் தைத்துக்கொள்வது என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். பாடசாலைச் சபை அதை ஏற்க மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2006இல் நிபந்தனைகளோடு மாணவனுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. ஒரு மேசையைச் சுற்றியிருந்து கண்ட தீர்வை அடைய, பின்னர் நான்காண்டுகளுக்கு மேல் நீதிமன்றப் படிகள் ஏறவேண்டியதாயிற்று.

அதன் பின் அச்சம் பரவிற்று. 2007 ஜனவரியில் ஏரூவீல் என்ற சிற்றூரின் சபை, வந்தேறுவோர் நடந்துகொள்ள வேண்டிய முறைகள் என்று ஒரு பிரகடனம் வெளியிட்டது. பெண்களைக் கல்லெறிந்து கொல்லக்கூடாது என்பதும் அதில் ஒன்று. நகைப்பதா அழுவதா? அந்த ஊரில் வந்தேறியவர்கள் ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். காணாத அயலானுக்கே மனிதன் மிகவும் அஞ்சுகிறான்.

அவ்வாண்டு பெப்ரவரியில் அரசு இருவரைக் கொண்ட விசாரணைக்குழு ஒன்றை நியமித்தது. ஒருவர் ஜெரார் பூஷார், வரலாற்றறிஞர். மற்றவர் சாள்ஸ் ரெயிலர், மெய்யியலறிஞர். ஆங்கிலத் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் பிறந்த கத்தோலிக்கர். ஒரு மனிதனுக்கோ சமூகத்துக்கோ உரிய மதிப்பை மறுப்பது வெறும் மரியாதைக் குறைவன்று, அவர்கள் தம்மையே இழிவாக எண்ணும்படி செய்யும் காயம் என்பது ரெயிலர் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்த கருத்து. இருவரும் மாகாணமெங்கும் சென்று சாதாரண மக்கள் பேச அமர்ந்து கேட்டார்கள். 900க்கு மேற்பட்ட எழுத்து விண்ணப்பங்கள் கிடைத்தன. 2008 மே மாதம் 37 சிபாரிசுகளோடு அறிக்கை வெளியாயிற்று.

அவ்வறிக்கையில் நம்மைத் தலைகுனிய வைக்கும் ஒரு பகுதி உண்டு. பத்திரிகைகளில் பரபரப்பாகப் பேசப்பட்ட 21 சம்பவங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றுள் 15இல், நடந்ததற்கும் மக்கள் நம்பியதற்கும் இடையே பெரும் வேறுபாடு இருந்தது.

ஓர் உதாரணம். இளவேனிற் காலத்திலே மேப்பிள் மரத்துப் பாலைக் காய்ச்சிப் பாகு எடுக்கும் குடில்களுக்குக் குடும்பம் குடும்பமாகச் சென்று உண்டு மகிழ்வது அந்நாட்டு வழக்கம். நமக்குப் பனங்கூடலும் பதநீரும் போல, அவர்களுக்கு அது ஊர் மணம். 2007இல் அப்படியொரு குடிலுக்குச் சென்ற முஸ்லிம்கள், பன்றி இறைச்சியை எல்லோருடைய உணவிலிருந்தும் நீக்கச் செய்து, ஆடல்பாடலை நிறுத்தி, மற்றவர்களை வெளியே தள்ளித் தொழுதார்கள் என்று செய்தி பரவியது. உண்மை என்ன? ஒரு வாரத்துக்கு முன்பே அவர்கள் உரிமையாளரோடு பேசித் தங்கள் உணவை மட்டும் மாற்ற ஒழுங்கு செய்திருந்தார்கள். உணவின் பின், தமக்கு ஒதுக்கப்பட்ட அறையிலேயே தொழ ஆயத்தமானார்கள். அந்த அறையை விரைவில் வேறு வாடிக்கையாளருக்குக் கொடுக்க விரும்பிய நிருவாகத்தினரே ஆடல் மண்டபத்தைக் காட்டினார்கள். பத்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது.

இந்தச் சிறு சம்பவத்தை நாம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த முஸ்லிம்கள் தமது அறையில் முடங்கிக் கிடந்தவர்கள் அல்லர். அந்நாட்டின் மிகப் பழைய பந்தியில் வந்து அமர்ந்தவர்கள். ஊடாட்டம் என்பது எதுவோ, அதையே செய்தவர்கள். அதற்கே அவர்கள் தூற்றப்பட்டார்கள். அயலானுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பது வேதக் கட்டளை. ஒரு முழுச் சமூகத்தைப் பற்றிக் கேட்ட கதையை விசாரியாமல் அடுத்த வீட்டுக்கு எடுத்துச் செல்பவன் அக்கட்டளையை மீறவில்லையா?

பந்தியை ஒழுங்கு செய்வது யார்?

இனி இக்கொள்கைக்கு எதிராகச் சொல்லப்படும் வலிமையான வாதத்தையும் நேர்மையாகக் கேட்போம். "ஒரே பந்தி என்கிறீர்கள். பந்தியை விரித்தவன் பெரும்பான்மை, மொழி அவனுடையது, சட்டம் அவனுடையது, தலைவாழை இலையும் அவனுக்கே. இது இனிய சொல்லில் சுற்றிய ஒருமயமாக்கல் அல்லவா?" என்று கேட்கிறார்கள்.

இவ்வாதத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. நடந்ததைப் பாருங்கள். கியூபெக் சட்டமன்றத்தில் சபாநாயகரின் ஆசனத்துக்கு மேலே 1936 முதல் ஒரு பாடுபட்ட சுரூபம் தொங்கியது. அதை அங்கிருந்து அகற்றும்படி குழு சிபாரிசு செய்தது. அறிக்கை வெளியான அன்றே, அதை அகற்றுவதில்லை என்று சட்டமன்றம் ஏகமனதாகத் தீர்மானித்தது. நமக்கு மகிழ்ச்சியாக இருக்கவேண்டிய செய்திதானே? அவசரப்படாதீர்கள். அத்தீர்மானத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் விசுவாசமன்று, மரபுரிமை. சிலுவையில் அறையுண்டவரை வணங்குவதற்காக அன்றி, "இது எங்கள் வீடு" என்று வந்தவருக்கு நினைவூட்டுவதற்காக ஒரு சுரூபம் சுவரிலே தொங்குமானால், அங்கே அது சிலுவையாக நிற்கிறதா, எல்லைக் கல்லாக நிற்கிறதா? நகர வாயிலுக்கு வெளியே தள்ளப்பட்டு மரித்தவரை மற்றவரை வெளியே தள்ளப் பயன்படுத்துவது பெரும் நிந்தை.

2019 யூன் மாதம், பாடசாலை ஆசிரியர்கள் உட்பட அரச பணிகள் பலவற்றில் இருப்போர் பணி வேளையில் மதச் சின்னம் அணிவதைத் தடைசெய்யும் 21ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அடுத்த மாதம் அந்தச் சுரூபமும் கீழே இறக்கப்பட்டது. நீதிபதி, பொலிசார் போன்ற சிலருக்கு மட்டுமே அத்தகைய தடையைப் பூஷாரும் ரெயிலரும் முன்னர் சிபாரிசு செய்திருந்தார்கள். ஆசிரியர்களை அவர்கள் சேர்க்கவில்லை. 2017 ஜனவரி 29ஆம் திகதி கியூபெக் நகரப் பள்ளிவாசலில் தொழுகைக்கு வந்த ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், தமது பழைய சிபாரிசின் அந்தப் பகுதியையும் ரெயிலர் வெளிப்படையாகக் கைவிட்டார். அறிஞர் ஒருவர் தமது கருத்தைத் திருத்திக்கொண்டதை நாம் மெச்சவேண்டும். பந்தியில் அமர்வதென்றால் மாறவும் தயாராக இருப்பதுதான்.

இன்னும் ஆழமான ஒரு காயம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். பிரெஞ்சுக்காரர் வீட்டார், மற்றவர் விருந்தினர் என்று பேசினோம். பிரெஞ்சுக்காரர் வருமுன் அந்த மண்ணில் யார் இருந்தார்கள்? ஆதிக்குடிகள் இருந்தார்கள். வீட்டார் என்று தம்மைச் சொல்பவர்களும் ஒரு காலத்தில் விருந்தினரே.

அந்த ஆதிக்குடிகளின் ஏறக்குறைய 150,000 பிள்ளைகள், கனடா அரசின் கொள்கைப்படி, திருச்சபைகள் நடத்திய விடுதிப் பாடசாலைகளில் சேர்க்கப்பட்டார்கள். தாய்மொழி பேசியதற்குத் தண்டனை அனுபவித்தார்கள். பலர் வீடு திரும்பவேயில்லை. அந்தப் பாடசாலைகளுள் 48ஐ நடத்தியவர்கள் அமலமரித் தியாகிகள் சபையினர். ஆம், 1841இல் மொன்றியலில் கால்வைத்து, 1847இல் இலங்கைக்கும் வந்து, யாழ்ப்பாணத்தில் நமது பாட்டன் பூட்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, நமக்குக் கல்விக்கூடம் கட்டித்தந்த அதே சபையினர். இங்கே அவர்களுள் பலர் தமிழைக் கற்றார்கள். அச்சபையிலே சேர்ந்த நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் தமிழ் ஆராய்ச்சிக்கே தமது வாழ்நாளை ஈந்தார். அங்கே பிள்ளைகளின் நாவிலிருந்து அவர்கள் மொழியைப் பிடுங்கினார்கள். ஒரே துறவறம், ஒரே செபம். பலன் மட்டும் வேறு. 1991இல் கனடாவின் அமலமரித் தியாகிகள் ஆதிக்குடிகளிடம் மன்னிப்புக் கேட்டார்கள். 2022 யூலை 25ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் அல்பேர்ட்டாவிலே அம்மக்கள் முன் அமர்ந்து மன்னிப்பு வேண்டினார்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது. கற்பிக்கச் செல்பவன் கற்கவும் தயாராக இல்லாவிட்டால், அவன் கொண்டுசெல்லும் நற்செய்தியும் அம்மக்களுக்குத் துர்ச்செய்தியாகிவிடும்.

ஆதித் திருச்சபை காட்டிய வழி

பந்தியை ஒழுங்கு செய்பவன் நீதியாக நடப்பது எப்படி? இதற்கு அப்போஸ்தலர் பணி நூலின் 6ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். எருசலேமில் அரமேய மொழி பேசிய விசுவாசிகள் உள்ளூர்க்காரர். கிரேக்க மொழி பேசியோர் வெளியிலிருந்து வந்தவர்கள். அன்றாடப் பந்தி விசாரணையில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழியினர் முறையிட்டார்கள். திருச்சபையின் முதலாவது உட்பூசல் சோற்றுப் பந்தியிலே, மொழி வேறுபாட்டினால் வந்தது!

அப்போஸ்தலர் என்ன செய்தார்கள்? "நாமெல்லோரும் கிறிஸ்துவில் ஒன்றுதானே, முறுமுறுக்காதீர்கள்" என்று பிரசங்கம் செய்து அனுப்பவில்லை. சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிவு செய்வித்தார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களை வாசியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, புரோக்கோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட பகுதியாரின் கையிலேயே பந்திப் பொறுப்பு முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. பலமுள்ள பகுதியார் முதலில் எழுந்து அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள்.

வாசகர்களே, இக்கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பண்பாடுகள் கலந்து வாழ இரு பகுதியாரும் மாறவேண்டும். ஆனால் முதலடி எடுத்துவைக்கும் கடமை அந்த இடத்தில் பலமுள்ளவனுடையது. வந்தவன் வீட்டாரின் மொழியைக் கற்கவேண்டும், சட்டத்தை மதிக்கவேண்டும், பெண்ணுக்கும் ஆணுக்கும் உரிய சமத்துவத்தை ஏற்கவேண்டும். இது நியாயமே. ஆனால் "முதலில் நீ என்னைப்போல் ஆகு, பிறகு உனக்கு இடம் தருவேன்" என்பது நீதியன்று. முதலில் இடம் கொடுப்பதே நீதி.

நமது வாசலில்

இதை வாசிக்கும்போது உங்களுள் பலருக்கு 1956 நினைவுக்கு வந்திருக்கும். தனக்கு அப்பாலுள்ள பெரிய கூட்டத்தைக் கண்டு அஞ்சும் பெரும்பான்மை எப்படி நடந்துகொள்ளும் என்பதை நமக்கு யாரும் கனடாவிலிருந்து வந்து சொல்லித்தரத் தேவையில்லை. தனிச் சிங்களச் சட்டம் ஒரே பந்தியை விரிக்கவில்லை, பந்தியிலிருந்து எழுப்பிவிட்டது. நாம் பட்ட காயம் பெரிது. அதைச் சிறிதாக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் கியூபெக் மக்களைப்போல நாமும் ஒரு வாசலில் சிறுபான்மை, இன்னொரு வாசலில் பெரும்பான்மை. வடக்கிலே நாமே வீட்டார். 1990 ஒக்டோபரில், தலைமுறை தலைமுறையாக நம்மோடு வாழ்ந்த 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. அன்று துப்பாக்கிக்கு முன் நாம் என்ன செய்திருக்கலாம் என்று கேட்பீர்கள். அது உண்மையாயிருக்கலாம். அப்படியானால் அவர்கள் திரும்பி வந்தபோது நாம் அவர்களை எப்படி வரவேற்றோம் என்ற கேள்விக்கு விடை சொல்வோமா? மலையகத்திலிருந்து வந்து நம்மிடையே குடியேறிய தமிழரை எந்தப் பெயரால் அழைக்கிறோம்? கோவிலிலே ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கிய பின், கலியாணப் பேச்சு வரும்போது எந்தச் சாதி என்று விசாரிப்பவர் நம்மில் இல்லையா? மொழி ஒன்று, விசுவாசம் ஒன்று, பந்தி மட்டும் இரண்டு!

ஆவணி மாதத்தில் மடு அன்னையின் திருவிழாவுக்குப் போகிறோம். சிங்களச் சகோதரரும் வருகிறார்கள். ஒரே காட்டு மரங்களின் கீழ் அருகருகே கூடாரம் அடிக்கிறோம். ஒரே தாயை இரு மொழிகளில் கூப்பிடுகிறோம். மிகவும் நல்லது. ஆனால் அடுத்த கூடாரத்தில் அடுப்பு மூட்டும் அம்மாவோடு எத்தனை வார்த்தை பேசினோம்? அவர் பிள்ளையின் பெயர் என்ன? அருகருகே இருப்பது வேறு, ஒன்றாக இருப்பது வேறு. ஒரு கோப்பை தேநீரோடு அடுத்த கூடாரத்துக்குப் போவதற்கு எந்த அரசின் சட்டமும் தேவையில்லை.

அந்தத் தாயாருக்கு

இனி நமது தாயாரிடம் திரும்புவோம். அம்மா, அந்தப் பிள்ளை பங்கிட்டுக்கொள்ள வேண்டிய காணி அன்று, பாதி உங்களுக்கும் பாதி அந்த நாட்டுக்கும் என்று எல்லை போடுவதற்கு. அவள் பிரெஞ்சு பேசுவது உங்களுக்கு நட்டம் அன்று. அது அவள் வாழும் வீட்டின் கூடத்தில் பேசப்படும் மொழி. அது தெரியாவிட்டால் அவள் அங்கே என்றும் வாசலிலேயே நிற்பாள். அதே வேளையில் தமிழ் அவளுக்கு வெறும் "அம்மம்மா" என்ற ஒற்றைச் சொல்லாய்ச் சுருங்கிவிடக்கூடாது. மொன்றியலில் இருக்கும் அவள் பெற்றோருக்கு எழுதுங்கள்: தமிழைப் பிரம்பாக்காதீர்கள், தாலாட்டாக்குங்கள். நமது பண்பாட்டில் எதைக் கடல் கடந்து கொண்டுபோகவேண்டும், எதை இங்கேயே புதைத்துவிட்டுப் போகவேண்டும் என்று சிந்தியுங்கள். பெரியோரைப் பேணுவதையும் விருந்தோம்பலையும் குடும்பச் செபத்தையும் கொண்டுபோங்கள். சாதியையும் சீதனத்தையும் விட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளை ஒரு நாள் "இது ஏன்?" என்று கேட்பாள். நல்லதற்கு விடை இருக்கும், தீயதற்கு இராது. அயலார் நடுவே வாழ்வதனால் வரும் பெரிய நன்மைகளுள் இதுவும் ஒன்று.

அடுத்த முறை அவள் அழைக்கும்போது ஒன்று செய்யுங்கள். கர்த்தர் கற்பித்த செபத்தைப் பிரெஞ்சில் உங்களுக்குச் சொல்லித்தரும்படி அவளிடம் கேளுங்கள். உங்கள் நாக்கு தடுமாறும், அவள் சிரிப்பாள், நீங்களும் சிரியுங்கள். பிறகு அதே செபத்தை வரிவரியாகத் தமிழில் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வயதில் மூத்தவர் நீங்கள். ஆகவே முதலில் கற்கவேண்டியவரும் நீங்களே.